"ஒலுவில்தானே" என்று இழுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லாவிட்டால், அப்படியொரு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் கோருகிற நாட்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரே வசனம் திரும்பத் திரும்பக் காதில் விழும். "பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும் போல, ஆனா ஒலுவில்தானே..." "உயிரியல் விஞ்ஞானம் வரும், ஆனா வந்தாறுமூலைதானே..." "வரலாறு செய்யப் போறாவாம், அதுவும் இங்கதானாம்..." அந்த "தானே"யில் இருக்கிற இழுப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்த ஒரு இழுப்பு வருடா வருடம் நல்ல பிள்ளைகளை வீட்டில் உட்கார வைக்கிறது.

உயர்தர வகுப்புகளில் படிப்பிக்கிற நாங்கள் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானமோ வரலாறோ உண்மையாகவே படிக்க விரும்புகிற பிள்ளைக்கு, ஒரு சிறிய அரச பல்கலைக்கழகத்தை ஆறுதல் பரிசு மாதிரிக் காட்டாதீர்கள். பல பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பட்டியலின் மேல் வரிகளில் வர வேண்டிய இடம் அது.

முதலில் இந்த வெட்டுப்புள்ளி மயக்கத்தைப் பார்ப்போம்.

இசட் புள்ளி என்பது என்ன? ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால் பிரித்து எடுப்பது. மூன்று பாடங்களுக்கும் அப்படி எடுத்துச் சராசரி பார்த்தால் பிள்ளையின் இசட் வந்துவிடும். சரி, அது பிள்ளையை அளக்கிறது. ஆனால் வெட்டுப்புள்ளி? ஒரு பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் அது. அவ்வளவுதான். அந்தப் பீடத்தின் ஆய்வுகூடத்தையோ, விரிவுரையாளரையோ, நூலகத்தையோ அந்த எண் அளக்கவில்லை. எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்பதை மட்டும்தான் அளக்கிறது.

விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று எடுக்கிறார்கள். அதனால் ஒரே பீடத்தில், ஒரே வாங்கில் இருக்கிற கொழும்புப் பிள்ளைக்கும் அம்பாறைப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி வேறு வேறு. ஒரே வாங்கில் இருக்கிற இரண்டு பேருக்கே வேறாக இருக்கிற எண்ணை வைத்து, அந்த வகுப்பின் தரத்தை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் கூட்டம் நெரிகிறது என்பதற்காக அது சீக்கிரம் போய்ச் சேரும் என்று யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழக விடயத்தில் மட்டும் கூட்டத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறோம். நாம் கேட்காததால் வெட்டுப்புள்ளி குறைகிறது. குறைந்ததைக் காட்டி நாம் கேட்காமல் விடுகிறோம். இந்த வட்டத்தை யாரும் வெளியிலிருந்து வந்து போட்டுத் தரவில்லை.

இனி, "தானே" என்று இழுக்கப்படுகிற அந்த இடம் எப்படி வந்தது என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். யுத்த காலத்தில் கிழக்கில் நம் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பு அந்தரத்தில் நின்றது. அந்த நிலையில்தான் 1995 ஒக்டோபர் 23இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அதற்காக நின்றதை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று ஆறு பீடங்கள் இருக்கின்றன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. பொறியியல் பீடம்கூட இருக்கிறது.

தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை தலைவரின் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். "கெம்பஸ் தந்த தலைவர்" என்கிறோம். வீட்டுக்கு வந்து, பிள்ளை விண்ணப்பம் நிரப்பும்போது, "அது வேணாம் மகன், கீழ போடு" என்கிறோம். தலைவருக்குத் துஆவும் அவர் தந்ததுக்கு இளக்காரமும் ஒரே வாயிலிருந்து வரலாமா?

பெருமைக் கதை போதும். படிப்புக் கதைக்கு வருவோம்.

விஞ்ஞானம் கையால் படிக்கிற படிப்பு. அளவியைத் திருகி, நிறம் மாறுகிற அந்தத் துளியில் நிறுத்தப் பழக வேண்டும். நுணுக்குக்காட்டியைத் தானே சரிசெய்து பார்க்க வேண்டும். உபகரணம் பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று தேட வேண்டும். பெரிய வகுப்பில் ஒரு உபகரணத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றால், ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து போகிற கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிற பக்கத்தில்தான் அநேகமாக நிற்பார்கள். சிறிய வகுப்பில் ஒளிந்து நிற்க இடமில்லை. அதுதான் அதன் பெரிய நன்மை.

மொழியும் அப்படித்தான். விஞ்ஞான பீடம் எங்கே போனாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பு. தமிழ் மொழியில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். நூற்றுக்கணக்கானோர் இருக்கிற மண்டபத்தின் பின்வரிசையில் அந்தப் பிள்ளை கை தூக்கிக் கேள்வி கேட்குமா? விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வகுப்பில் கேட்கும். இன்று இல்லாவிட்டால் அடுத்த கிழமை கேட்கும்.

இன்னொன்றைப் பெற்றோர் பலர் யோசிப்பதே இல்லை. விஞ்ஞானமாணியில் மூன்று வருடப் பொதுப் பட்டமும் இருக்கிறது, நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் இருக்கிறது. மேற்படிப்புக்கும் ஆய்வுக்கும் போக நான்கு வருடச் சிறப்புப் பட்டம்தான் நேரான வழி. அதற்கு உள்ளே போன பிறகு, ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றை வைத்துத் தெரிவு செய்வார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எந்தக் கெம்பஸ்?" என்பதோடு முடியவில்லை. "அங்கே என் பிள்ளை சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகுமா?" என்பதுதான் பெரிய கேள்வி. பெயர் பெற்ற இடத்தில் பொதுப் பட்டத்தோடு திரும்பி வருவதா, சிறிய இடத்தில் சிறப்புப் பட்டமும் சொந்தமாகச் செய்த ஒரு ஆய்வும் கையில் எடுத்து வருவதா? வெளிநாட்டில் முதுமாணிக்கு விண்ணப்பித்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பிள்ளையை நேரில் தெரிந்த இரண்டு மூன்று பேரின் கடிதம் கேட்பார்கள். உங்கள் பிள்ளையை முகம் தெரியாத பேராசிரியர் என்ன எழுதித் தருவார்? உள்நாட்டிலும், பேராதனையில் இருக்கிற விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் எந்த அரச பல்கலைக்கழகப் பட்டதாரிக்கும் திறந்துதான் இருக்கிறது. பேராதனைக்கு இருபது வயதில் போக முடியாவிட்டால் இருபத்தைந்தில் போகலாம்.

ஆய்வுக்கு விடயம் தேடி வெகு தூரம் போகவும் தேவையில்லை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அது கட்டப்பட்ட பிறகு ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் எப்படிக் கடித்துக்கொண்டு போகிறது என்பதை அங்கே தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் சொல்வார்கள். மணல் எந்தத் திசையில் நகர்கிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, வயல் நிலத்தில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது? இவை பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் கேள்விகள். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கடலை அளக்கத் தெரிந்த பிள்ளைகள் அதே கரையில் எத்தனை பேர் வேண்டும்? நாம் மகஜர் எழுதுகிறோம், வீதிக்கு இறங்குகிறோம், கடைசியில் "நிபுணர் அறிக்கை" என்று ஒன்று வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அந்த அறிக்கையை வாசித்து, "இந்த அளவீடு பிழை" என்று சொல்ல நம்மிடம் ஆள் இருக்க வேண்டாமா?

"சும்மா பி.எஸ்ஸி.தானே, அதை வைத்து என்ன செய்வது?"

இதைக் கேட்கிறவர்களிடம் ஒரு கேள்வி. ஊரில் டொக்டரான பிள்ளைக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுத்தவர் யார்? எஞ்சினியரான பிள்ளைக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுத்தவர் யார்? டொக்டரா, எஞ்சினியரா? அநேகமாக ஒரு விஞ்ஞானப் பட்டதாரி. காலையில் அந்தப் பட்டதாரியின் ரியூஷன் வகுப்புக்குப் பிள்ளையை ஏற்றி இறக்கிவிட்டு, பின்னேரம் அதே பட்டத்தைச் "சும்மா" என்கிறோம். எங்கள் பக்கத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தொடங்கிய சில பாடசாலைகள் பௌதிகவியலுக்கு ஆள் இல்லாமல் திணறுகின்றன. அடுத்த ஊரிலிருந்து ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து கிழமையில் இரண்டு நாள் படிப்பிக்கிறார்கள். பௌதிகவியல் படிக்கப் போகிற பிள்ளைகளையெல்லாம் "அது வேண்டாம்" என்று மறித்துவிட்டு, வலயக் கல்வி அலுவலகத்தின் முன்னால் "ஆசிரியர் தா" என்று பதாகை பிடிப்பதில் என்ன நியாயம்? ஆசிரியர் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒரு விஞ்ஞான பீடத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆசிரியத் தொழில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இலங்கை விஞ்ஞான சேவை இருக்கிறது. நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் பட்டம் இருந்தால் போதும், எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் வயதைக் கேட்பார்கள். அங்கேதான் "தேர்ட் ஷை" பிரச்சினை வருகிறது.

முதல் தரம் மருத்துவம் மயிரிழையில் தவறிய பிள்ளை, இரண்டாம் தரம் எழுதுவதில் நாங்கள் குறை காணவில்லை. எழுதட்டும். ஆனால் இரண்டு தரமும் தூரத்தில் நின்ற பிள்ளையை, கையில் கிடைத்த உயிரியல் விஞ்ஞானத்தை உதறிவிட்டு மூன்றாம் தரம் எழுத வைப்பது என்ன கணக்கு? மூன்று தரத்துக்கு மேல் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கடைசித் தரமும் தவறினால் பழைய கதவும் மூடியிருக்கும். பிறகு பல இலட்சம் கொடுத்து, தனியார் நிறுவனம் ஒன்றில், பிள்ளைக்கு விருப்பமே இல்லாத ஒரு பட்டம். அரசு இலவசமாகத் தந்த இடத்தைத் தள்ளிவிட்டு, உம்மாவின் நகையை அடகு வைத்து அடுத்த இடத்தை வாங்குகிறோம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியை இதைவிட மலிவாக யாரும் அவமதிக்க முடியாது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்கட்டணம் இல்லை. தகுதியுள்ள பிள்ளைக்கு மகாபொலவோ நிதியுதவியோ உண்டு. வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் போடிங் செலவும் இல்லை.

இனி வரலாறு. இங்கே நிலைமை இன்னும் மோசம்.

வரலாறு படிக்கப் போகிறேன் என்று ஒரு முஸ்லிம் பிள்ளை சொன்னால், வீட்டில் மையித்து விழுந்த மாதிரிப் பார்க்கிறார்கள். ஆனால் நம்மை "வந்தான் வரத்தான்" என்று எவனாவது எழுதிவிட்டால் எல்லாருக்கும் வரலாறு வேண்டும். இரவிரவாகப் பகிர்கிறோம், திட்டுகிறோம், ஆதாரம் கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறோம்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தில் சோனகரின் இனத்துவம் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் அதற்கு எழுதிய மறுப்பு 1907இல் புத்தகமாக வந்தது. அதை அவர் கோபத்தால் மட்டும் எழுதவில்லை. வாசித்து, ஆதாரம் வைத்து, எதிர்வாதத்தை வரிவரியாக எடுத்து எழுதினார். இன்று அப்படி ஒரு கட்டுரை வந்தால் பதில் எழுத எத்தனை பிள்ளைகளை நாம் தயார்படுத்தி வைத்திருக்கிறோம்?

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியிலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறித்திருக்கிறார்கள். பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்பே இந்தத் தீவின் கரையில் அந்த எழுத்தை வாசிக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இன்று அந்தக் கல்லில் உள்ள மூன்றில் ஒன்றையாவது கல்லைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த பிள்ளை நம் ஊர்களில் எத்தனை? ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அறபுத்தமிழ் ஏடுகள் பழைய வீடுகளின் பெட்டிகளில் கறையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அன்று ஐம்பதில் இருந்தவர்களில் பலர் ஜனாஸாவாகிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை முறையாகப் பதிந்து, சரிபார்த்து, எழுதுவது வரலாறு படித்தவரின் வேலை.

பாடப்புத்தகத்தில் நம்மைப் பற்றிப் போதாது என்று வருடா வருடம் முறையிடுகிறோம். பாடப்புத்தகம் எழுதும் குழுவில் உட்கார வரலாற்றுப் பட்டம் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அதற்குச் சிறிய இடம் போதுமா? போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை இருக்கிறது. வரலாற்று மாணவனுக்கு வேண்டியது ஆவணம் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆசிரியர், எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தித் திரும்பத் தருகிற நேரம், களத்துக்கு நடந்து போகிற தூரம். தீகவாபியும், கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்களும், கோயில்களும், வாவிக் கரைகளும் இங்கேதான் இருக்கின்றன. நம் கதையை மட்டும் எழுதவும் நாங்கள் சொல்லவில்லை. அயலவரின் கதையையும் நேர்மையாக எழுதத் தெரிந்தவன் எழுதினால்தான் நம் கதையையும் மற்றவர்கள் நம்புவார்கள்.

மறுப்பு சொல்வோருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"அங்க எல்லாம் நம்ம ஆக்கள்தான், பிள்ளைக்கு உலகம் தெரியாமப் போயிரும்" என்பார்கள். ஒலுவில் வளாகத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் அம்பாந்தோட்டையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். நமக்குத்தான் பக்கத்து ஊர் கசக்கிறது.

"குறை இல்லையா?" இருக்கிறது. பெரிய இடங்களில் இருக்கிற அளவு பாடத் தெரிவு இருக்காது. சில விலையுயர்ந்த உபகரணம் இருக்காது. வேலைநிறுத்தம் வந்தால் கல்வியாண்டு இழுபடும். அது எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான நோய். பகிடிவதையும் அப்படித்தான். அதைத் தடை செய்ய 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எங்கே நடந்தாலும் முறையிடுங்கள், மறைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால்தான் பல உம்மாமாரும் வாப்பாமாரும் மகளை அனுப்பத் துணிந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அப்படிப் படித்து வந்த பட்டத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அதேநேரம், பேராதனையிலோ கொழும்பிலோ தான் விரும்பிய பாடம் கிடைத்த மகளை "பக்கத்தில் இருக்கே" என்று மறிக்க இந்தப் பதிவைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம். பிள்ளை விரும்பிய பாடம் எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ, அங்கே போகட்டும்.

விண்ணப்பம் நிரப்ப முன் இந்த ஐந்தையும் கேட்டு எழுதி வையுங்கள்:

1. பிள்ளை விரும்பும் பாடத்தில் அங்கே சிறப்புப் பட்டம் இருக்கிறதா? வருடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள்?

2. அந்தத் துறையில் நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர்? கலாநிதிப் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்?

3. செய்முறை வகுப்பில் ஒரு உபகரணத்துக்கு எத்தனை மாணவர்?

4. கடைசி மூன்று அணியினர் இன்று எங்கே இருக்கிறார்கள்?

5. முதலாம் வருடத்தில் ஆங்கிலத்துக்கு என்ன உதவி?

இதே ஐந்து கேள்விகளைப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கேளுங்கள். பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளையிடம் நேரில் கேளுங்கள், கல்யாண வீட்டில் கேள்விப்பட்டதை நம்ப வேண்டாம். பிறகு கைநூலை உட்கார்ந்து வாசித்து, பிள்ளையின் உண்மையான விருப்ப ஒழுங்கில் நிரப்புங்கள். கீழே ஒன்றை எழுதியதால் மேலே எழுதியது கிடைக்காமல் போகாது. ஆனால் பட்டியலில் எழுதாத இடம் ஒருநாளும் கிடைக்காது. "வெட்கம்" என்று ஒலுவிலையும் வந்தாறுமூலையையும் எழுதாமல் விட்டு, கடைசியில் எதுவும் கிடைக்காமல் நின்ற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். பதிந்த பிறகு விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பிக்கவும் விதிகள் இருக்கின்றன. அவற்றையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் இசட்டைக் கேட்டு முகம் சுழிக்கிற மாமாவோ மாமியோ உங்களோடு ஆய்வுகூடத்துக்கு வரப்போவதில்லை. பௌதிகவியல் பிடிக்கும் என்றால் பௌதிகவியல் படியுங்கள். வரலாறு பிடிக்கும் என்றால் தலை நிமிர்ந்து வரலாறு படியுங்கள். கிடைத்த இடத்தில் முதல் நாளிலிருந்தே முன்வரிசையில் உட்காருங்கள். இன்னும் ஐந்து வருடத்தில் உங்களில் நாலு பேராவது எங்கள் வகுப்பறைகளுக்கு ஆசிரியராக வர வேண்டும். சுண்ணக்கட்டியை உங்கள் கையில் தந்துவிட்டு ஓய்வு பெற நாங்கள் காத்திருக்கிறோம்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் தருவானாக. ஆமீன்.